அம்மாவின் போர்வைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

அம்மாவுக்கென்று நான் நூலில் பின்னிய போர்வை முடிந்துவிட்டது. மாரிக்கு மாரி ஊசியில் வளர்ந்து, கை வியர்த்து நூல் ஒட்டுகிற, கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் பெட்டிக்குள் கிடந்து, ஒருவழியாக இந்த வாடைக்கு முன் அவவின் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறீர்கள். என் கை மட்டும் என்றால் அது தலையணை உறையோடு நின்றிருக்கும்.

முதலில் மருதமுனை ராத்தா. கம்பளி பட்டால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பருத்திதான் வேணும் என்று கல்முனை பஸ் ஏறி உங்கள் தறி வாசலில் வந்து நின்றேன். தறி நூல் மெல்லியது, பல இழை சேர்த்தால்தான் பின்னலுக்கு ஆகும். அதை உங்கள் இராட்டையிலேயே சேர்த்துச் சுற்றித் தந்தீர்கள். பிந்தி வாங்கினால் நிறம் ஒரு சாடை மாறும் என்று, சாயம் போடாத நூலில் முழுப் போர்வைக்கும் வேண்டியதை ஒன்றாக ஒதுக்கியும் வைத்தீர்கள். “மாதிரித் துண்டக் கழுவிக் காயப்போட்டு அளந்து பாருங்க, பருத்தி முதல் தண்ணியில சுருங்கும்” என்றீர்களே, போர்வையின் நீள அகலத்தைக் காப்பாற்றியது அந்தச் சொல்தான்.

சிஸ்டர், மடத்துத் தையல் வகுப்பில் நீங்கள் கற்பித்த, கயிறு முறுக்கினது போலத் தெரியும் கேபிள் பின்னல் இன்னும் என் விரலில் இருக்கிறது. ஊசியில் நிற்கும் நூல் வளையம்தான் கண்ணி. எட்டுக் கண்ணியில் முதல் நாலைச் சின்னத் துணை ஊசியில் ஏற்றி முன்னால் விட்டு, அடுத்த நாலை முதலில் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் விட்டால் வலப்பக்கம். கண்ணிகள் ஒன்றையொன்று கடப்பதால் பின்னல் ஒடுங்கும். ஆகவே சாதாரணப் பின்னலைவிடக் கூடுதல் கண்ணி போட்டுத் தொடங்க வேணும். கம்பளி இழுபட்டுக் கொடுக்கும், பருத்தி கொடுக்காது என்று, ஆறு வரிசைக்கு ஒரு முறுக்கு என்றிருந்ததை எட்டாக்கினீர்கள். என் மணிக்கட்டு உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

கல்லடிச் சைக்கிள் கடை அண்ணா, துணை ஊசி கிடைக்காமல் வந்த எனக்கு ஒரு பழைய ஸ்போக் கம்பியை வெட்டி, நடுவில் சின்னதாக வளைத்து, இரண்டு முனையையும் அரத்தால் ராவினீர்கள். பிறகு உங்கள் கன்னத்திலேயே இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ராவித் தந்தீர்கள். காசும் வாங்கவில்லை. அந்த வளைவில் நாலு கண்ணியும் வழுக்காமல் இருந்தன.

லண்டன் மச்சாள் அனுப்பிய, இரண்டு ஊசி முனையை வளையும் வடம் இணைக்கிற 150 சென்டிமீட்டர் வட்ட ஊசி இல்லாவிட்டால் இவ்வளவு பாரத்தை நான் தாங்கியிருக்க மாட்டேன். பாரம் முழுவதும் மடியில் கிடந்தது, கை லேசாக இருந்தது. சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒவ்வொரு முறுக்கையும் நிறப் பென்சிலால் கீறித் தந்த மருமகளுக்கு அன்பு முத்தங்கள்.

பக்கத்து வீட்டு மாமிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பின்னேரங்களில் அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுத்து, கதைத்துக்கொண்டும் இருந்தீர்கள். நான் எழும்பப் பார்த்தால், “வரிசை முடியுமட்டும் இரு கா, நான் பார்க்கிறன்” என்பீர்கள். முறுக்கின் நடுவில் எழும்பாமல் இருக்க முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பது பின்னுகிறவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தை எனக்குத் தந்தது நீங்கள்தான் மாமி.

கடைசியாகத் தம்பியின் பிள்ளைகள். நனைந்த பருத்தியைக் கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே நீண்டு போகும். நாலு மூலையிலும் பிடித்துத் தூக்கி வந்து, பன்பாயில் விரித்து, அளவு நாடா வைத்து விளிம்பை நேராக்கினீர்கள். நல்லா இருங்க மனே.

மருமகளின் கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பின்ன ஆசைப்படுகிறவர்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வாருங்கள், பிரதி எடுத்துத் தருகிறேன். ஸ்போக் ஊசியும் இரவல் தருவேன். நூலுக்கு ராத்தாவிடம் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். இழை சேர்த்துச் சுற்ற அவவுக்கு நேரம் வேணும்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து