தங்கச்சிமடத்து அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நவம்பர் 20-ஐப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. மழை என்று செய்தியில் சொன்னார்கள். என் கொட்டகைக்குள் அது முழங்காலுக்கு மேல். கருவாடு தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேற்றுதான் கடைசிப் பார்சல் கிளம்பியது. கையில் இன்னும் வாடை போகவில்லை, அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ராத்திரி மோட்டார் கொண்டுவந்து தண்ணீர் இறைத்த ஐஸ் பேக்டரித் தம்பிகள், இந்த மாதத் தவணையைக் கேட்காமலே தள்ளி வைத்த குழு அக்காமார், "பணத்தைத் திருப்பி அனுப்பாதீங்க, சரக்கு வரும்போது வரட்டும்" என்ற மதுரை, கோயம்புத்தூர் வாடிக்கையாளர்கள், தொக்குக்கான குண்டு மிளகாயைக் கடனுக்கு இறக்கிவிட்டு சீட்டுகூட வாங்காமல் போன முதுகுளத்தூர் அண்ணன், பார்சல் ஆபீசில் என் மூட்டைக்காக ஷட்டரை அரை மணி நேரம் பிடித்து வைத்த பையன். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், நேரில் வருவேன்.

இப்போது அக்கா.

பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பேரு கீரு போட்றாத, கடன்காரன் வந்து நிப்பான்" என்பது அவர் வாக்கு. பக்கத்து ஊரில் இருபது வருடமாகக் கருவாடு போடுகிறவர். நான் இந்தத் தொழிலுக்கு வந்து நான்கு வருடம். இந்த நான்கு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வார்த்தை இருக்குமா என்று தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். போன வருடம் என் நெத்திலிக்கு ஒரு வீடியோ போட்டேன். உயரத்தில் கட்டிய வலையில் காயவைப்பதைக் காட்டிவிட்டு, "மத்தவங்க மாதிரி மணல்ல கொட்டிக் காயவைக்கிறது இல்லைங்க" என்று சொன்னேன். மற்றவர்கள் என்றால் யார் என்று பாம்பன் முதல் மண்டபம் வரை எல்லோருக்கும் புரியும். எனக்கும் புரிந்துதான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவர் டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. பின்னால் இரண்டு ஓலைக் கடகம், மேலே பிளாஸ்டிக் விரிப்பு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டு. அவருடைய சரக்கு பரணில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. நிறுத்துப் பார்த்தால் 24 கிலோ நெத்திலி. நான்கு கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஒரு கிலோ தேறும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வாடைக் காலத்தில். ஆவணி, புரட்டாசி வெயிலில் காய்ந்ததை வைத்துத்தான் தை வரை ஓட்ட வேண்டும் என்ற நேரத்தில்.

விலை கேட்டேன். "அப்புறம் பேசுவோம்" என்றார். இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தலை கிள்ள ஆரம்பித்துவிட்டார். கட்டை விரல் நகத்தால் ஒரு சுண்டு, தலையும் குடலும் சேர்ந்து வந்துவிடும். நான் ஒன்று கிள்ளுவதற்குள் அவர் மூன்று. அரை மணி நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கிள்ளிய ஒரு மீனை உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"மணலு இல்ல ஆத்தா, பாத்துக்க."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு அடுத்த மீனை எடுத்துவிட்டார். சாயந்திரம் 96 பாக்கெட்டுக்கும் என் லேபிளை அவரே ஒட்டினார். இரண்டு தலைகீழாக ஒட்டியிருந்ததாக சேலத்து அம்மா ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், அதை பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும், "இதைக் காயவைத்தது நான் இல்லை, தங்கச்சிமடத்து அக்கா" என்று துண்டுச்சீட்டு எழுதிப் போட்டேன். அடுத்தவர் வெயிலை என் வெயில் என்று விற்க மனம் வரவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில், தொழில் செய்கிறவர்களுக்கு நெட்வொர்க் முக்கியம், கார்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். மாற்றிக்கொண்டேன். முப்பது கார்டு இருக்கும், டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், டப்பாவும் தண்ணீரில் போய்விட்டது. அந்த வகுப்பைக் குறை சொல்லவில்லை, முதுகுளத்தூர் அண்ணன் அங்கே கிடைத்தவர்தான். ஆனால் பக்கத்து ஊரில் இதே தொழில் செய்கிறவரிடம் போய் கார்டு நீட்ட எனக்குத் தோன்றவே இல்லை. போட்டியாளர் என்று நானே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். கடலைப் பாருங்கள். எத்தனை சண்டைக்கு அப்புறம் என்றாலும், விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நம் ஆட்கள் பங்கு வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறார்கள். கரையில் இருக்கிற எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது.

அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். அடுத்த ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம் தொடங்கி 61 நாள் விசைப்படகு போகாதபோது, கிடைக்கிற நாட்டுப்படகு மீனை இருவரும் சேர்ந்து ஏலம் எடுக்கலாமா என்று கேட்கப் போகிறேன். முடியாது என்று சொன்னாலும் சரி, கேட்பேன். என் வலைப் பந்தலில் பாதி இடம் அவருக்கு, அதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

அக்கா, கடகம் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. கழுவிக் காயவைத்துவிட்டேன். வெறும் கடகமாகத் திருப்பித் தர மாட்டேன். தொக்கில் சீனி போடுகிறாயாமே என்று அன்றைக்கு முகத்தைச் சுளித்தீர்கள், அதனால் தொக்கு வராது, கருப்பட்டிதான் வரும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அன்றைக்காவது விலையைச் சொல்லிவிடுங்கள்.