அம்மு சாப்பிட்டாச்சு

எல்லாருக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாடு கேரளா எல்லையில் இருக்கும் பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்முவுக்குப் போன மாதம் ஆறு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லாம் போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அவளுடைய அம்மா கேட்டாள், இத்தனை பேர் நமக்குச் செய்திருக்கிறார்களே, ஒருத்தரிடமாவது வாயைத் திறந்து நன்றி சொல்லியிருக்கிறீர்களா என்று. இல்லை. அந்தந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்கவே சரியாக இருந்தது, அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. அதனால் இப்போது மொத்தமாகச் சொல்கிறேன். யார் பெயரும் போடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

அம்மு பிறந்து முதலில் அழுதபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பூனைக்குட்டி ஏதும் புகுந்துவிட்டதோ என்று. அவரைக் குறை சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, மெலிசாக, உச்சத்தில். மூன்று மாதம் கழித்து திருவனந்தபுரத்தில் மரபணு டாக்டரம்மா அம்முவின் ரத்தத்தை எடுத்து அனுப்பி, முடிவு வந்தபிறகு ஒரு தாளில் குரோமோசோம் என்று 23 ஜோடிக் கோடு போட்டுக் காட்டினார். அதில் ஐந்தாவது ஜோடியில் ஒன்றின் குட்டைக் கையை பேனாவால் அடித்துவிட்டு, இந்தத் துண்டு இல்லை, அவ்வளவுதான் என்றார். இந்த நோய்க்குப் பெயரே பிரெஞ்சில் பூனை அழுகை என்றுதானாம், க்ரி து ஷா. 1963-இல் ழெரோம் லெழென் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டு எழுதினாராம். குரல்வளையின் அமைப்பால்தான் அந்தச் சத்தம். எங்கள் இருவருடைய ரத்தத்தையும் பார்த்தார்கள், இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் இது புதிதாகத்தான் வரும் என்றார். டாக்டரம்மா, அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அம்மு அம்மா கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள், எந்த கிரகணத்தில் வெளியே போனாள் என்று கேட்டு வந்த சொந்தக்காரர்களிடம் அதை எடுத்து நீட்டியிருக்கிறேன். பாதிப் பேருக்குப் புரியாது, ஆனால் வாயை மூடிக்கொள்வார்கள்.

சரி, சாப்பாட்டுக் கதைக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளுக்குத் தசையில் இறுக்கம் குறைவு, உறிஞ்சவும் விழுங்கவும் பலம் போதாது. பால் குடிக்கத் தொடங்கினால் பத்து மில்லி போவதற்குள் களைத்துத் தூங்கிவிடுவாள். மாமியார் சங்கில் கொடுத்துப் பார்த்தார், பாலாடையில் கொடுத்துப் பார்த்தார், ஒரு வேளைப் பாலுக்கு ஒன்றரை மணி நேரம். பாதி கன்னத்தில் வழியும், மீதியில் கொஞ்சம் புரையேறும். புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கிற வழக்கம் நமக்கு. எங்கள் பிள்ளைக்கு அந்தப் பால் நுரையீரலுக்குப் போய் இரண்டு தடவை நிமோனியா வந்தது. ஏழாம் மாதத்தில் எடை நாலு கிலோ.

மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடச் சொன்னபோது நான்தான் முதலில் வேண்டாம் என்று நின்றேன். எங்கள் பாட்டா கடைசி வாரம் கிடந்தபோது மூக்கில் டியூப் இருந்தது, டியூப் என்றாலே எனக்கு அந்தப் படம்தான். ஆக, டியூப் போட்டால் முடிந்தது என்று ஒரு எண்ணம். ஒரு ஆஸ்பத்திரியில் போட்டும் விட்டார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே அம்மு விரலை மாட்டி இழுத்து வெளியே போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த டியூபைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து போன இடத்தில் இருந்த நர்ஸ் சேச்சிக்கு இந்தக் கடிதத்தில் முதல் நன்றி. "சேட்டா, பேடிக்கண்டா", அதாவது அண்ணா, பயப்பட வேண்டாம் என்று சொல்லி டியூபை என் கையில் கொடுத்தவர் அவர். அம்மா கைக்கு மட்டும் சொல்லித் தந்தால் போதாது, அப்பாவும் படிக்கணும் என்று என்னைப் பிடித்து நிறுத்தினார். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவில், இதுதான் அளவு, அந்த இடத்தில் பேனாவால் கோடு. உள்ளே போனபிறகு கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலத்தாளில், அதாவது pH தாளில், தொட்டுப் பார்க்கணும், ஐந்தோ அதற்குக் கீழேயோ காட்டினால்தான் வயிற்றில் இருக்கிறது, காற்றை ஊதிச் சத்தம் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது என்று முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். பால் ஏற்றும்போது பிள்ளையின் தலை உயர்ந்திருக்கணும், முடிந்தபிறகும் அரைமணி நேரம் படுக்கப் போடக் கூடாது, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவணும். நான் மரத்தில் பால் வெட்டுகிறவன், எனக்கு ஒன்று சட்டென்று பிடிபட்டது. பிஸ்டனை எடுத்துவிட்டு 50 மில்லி ஊசிக்குழலை மட்டும் கையில் பிடித்து உயர்த்தினால் பால் வேகமாகப் போகும், தாழ்த்தினால் மெதுவாகப் போகும், பிடித்துத் தள்ளவே வேண்டாம். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது வேலையே இல்லை. சேச்சி, அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எனக்குக் கை நடுங்கியது கிடையாது. உங்கள் மகனுக்கு வேலை கிடைத்ததா? கேட்க மறந்துவிட்டேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை 70 மில்லி, ஒரு நாளைக்கு எட்டு வேளை. அதில் விடியக்காலை மூன்று மணி வேளை என்னுடையது. பால் வெட்டுக்கும் அதே நேரம்தான் புறப்படணும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் நன்றாக ஒழுகும். அம்முவுக்கு வயிற்றில் தங்காமல் கக்குகிற நாட்களில் நான் போக முடியாது. அப்போதெல்லாம் என் பங்கு முந்நூறு மரத்தையும் தன் மரத்தோடு சேர்த்து வெட்டி, கூலியை என் பெயரில் எழுதச் சொன்ன கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு நன்றி சொன்னால் கெட்ட வார்த்தை சொல்லுவான். சொல்லிக்கோ மக்கா.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்களுக்குத்தான் எல்லை என்றால் என்ன என்று தெரிந்தது. அதுவரை காலையில் வெள்ளறடையில் டீ குடித்துவிட்டு வந்து தமிழ்நாட்டில் பல் தேய்ப்போம், அப்படி ஒட்டிய ஊர். திடீரென்று பெரிய சாலையிலும் ஊடுவழியிலும் தடுப்பு. எட்டாம் நம்பர் டியூப் எங்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்கடை தடுப்புக்கு அந்தப் பக்கம், வீட்டில் மிச்சம் ஒன்றே ஒன்று. போன் பண்ணினேன். அந்தச் சேட்டன் மழையில் தடுப்புவரை நடந்து வந்து, கேரளப் போலீஸ்காரரிடம் கொடுத்து, அவர் தமிழ்நாட்டுப் போலீஸ்காரரிடம் கொடுத்து, அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்க என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல், பிள்ளை சாப்பிட்டாச்சா என்றார். அந்தக் காலத்தில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது, டியூப் எப்போ எடுப்பாங்க என்றுதான். பிள்ளை சாப்பிட்டாச்சா என்று மற்றப் பிள்ளையைக் கேட்பதுபோல அவரைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை. ஆச்சு சார், ஒன்பது மணிக்கு, என்று சொன்னேன். முகக்கவசம் போட்டிருந்தீர்கள், இன்று எதிரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் வயிற்றிலேயே டியூப் வைத்தோம். மூக்கில் ஒன்றும் இல்லாமல் அவள் முகத்தை முழுசாகப் பார்த்ததும் அவள் அம்மா அரைமணி நேரம் அழுதாள், கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பிறகு பட்டன் மாதிரி ஒன்றாக மாற்றினார்கள். உள்ளே சின்ன பலூன், ஐந்து மில்லி தண்ணீர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த பலூன் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு உடைந்து பட்டன் படுக்கையில் கிடந்தது. அந்தத் துவாரம் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கிவிடும். சொல்லித் தந்திருந்தபடி அவசரப் பையில் இருந்த மாற்று டியூபை மெதுவாக நுழைத்து, பிளாஸ்டர் போட்டு, ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டோம். லுங்கியோடு வந்தார். திருவனந்தபுரம் 40 கிலோமீட்டர் பக்கம், நெய்யாற்றின்கரை தாண்டும்வரை குழிக்குக் குழி வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். விடிந்ததும் பணம் கொடுத்தால், அம்மு பெரியவளாகித் தரட்டும் என்றார். அண்ணே, அவள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு அலுவலகத்தில் அம்முவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்களை நாலு தடவை அலைய வைத்தார்கள், பரிசோதனைத் தாள் கேரளத்து ஆஸ்பத்திரியுடையது என்பதற்காக. நாலாம் தடவை உள்ளே கூட்டிப்போய் விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதித் தந்த மேடத்துக்கு நன்றி. மற்றதை எழுதினால் இரத்தக்கொதிப்பு ஏறும், விடுகிறேன்.

பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுகிற சோறு கொடுப்பு ஆறாம் மாதத்தில் நடக்கவில்லை. மூன்றாம் வயதில்தான் பகவதி கோவிலுக்குப் போனோம். மாமியாருக்குப் பயம், பூசை செய்கிற போற்றி என்ன சொல்வாரோ என்று. அவர் சட்டை விலகித் தெரிந்த பட்டனைப் பார்த்தார், ஒரு பொட்டு பாயசத்தை அம்முவின் உதட்டில் வைத்தார், மீதியை நீங்கள் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படிக் கொடுங்கள் என்றார். அவள் அம்மா பால்பாயசத்தை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பத்து மில்லி, கோவில் திண்ணையிலேயே ஏற்றினாள். டியூப் அடைக்குமோ என்று எனக்கு உயிர் போனது. அடைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி டீச்சருக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. டியூபில் போகும்போதே நாக்கில் ஒரு ருசி வையுங்கள், எல்லாரும் சாப்பிடும்போது அவளையும் மடியில் வைத்து உட்காருங்கள், வயிறு நிறைவதும் வாயும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியட்டும், வாயில் திணிக்கவே கூடாது என்று சொன்னீர்கள். இனிப்பு, பழம், ஏத்தங்காய் மாவுக் கஞ்சி, எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் தின்றுகொண்டிருந்த என் அப்பாவின் விரலைப் பிடித்து நக்கிவிட்டாள். எரியும் என்று நாங்கள் பதறினோம். இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். டீச்சர், உங்களிடம் அதைப் பல நாள் மறைத்தோம், இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இன்று அவள் 13 கிலோ. மசித்த மரச்சீனி ஆறேழு கரண்டி வாயால் சாப்பிடுவாள், குழம்பு நிச்சயம் வேண்டும். தண்ணீருக்குத்தான் இன்னமும் புரையேறுகிறது, அதனால் தண்ணீர், மருந்து, ராத்திரிப் பால் எல்லாம் பட்டன் வழியாக. எப்போ எடுப்பாங்க என்று இப்போதும் கேட்கிறார்கள்.

அம்மு அம்மாவுக்கு இங்கே நன்றி எழுதினால் அவள் என்னைத் திட்டுவாள். ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் ஐந்து மாதம் கையால் பீய்ச்சி எடுத்தே பால் கொடுத்தாள்.

கடைசியாக, வீட்டில் பிரிக்காத எட்டாம் நம்பர் மூக்கு டியூப் ஆறும் 50 மில்லி ஊசிக்குழல் ஒரு பெட்டியும் இருக்கின்றன, தேதி முடிய இன்னும் ஒரு வருடம் உண்டு. எங்களுக்கு இனி அந்த அளவு தேவைப்படாது. நம் பக்கம் எந்தப் பிள்ளைக்காவது வேண்டுமென்றால் அந்த மருந்துக்கடைச் சேட்டனிடம் சொல்லுங்கள், அவரிடம் கொடுத்து வைக்கிறேன். டியூப் போடக் கை நடுங்கினால் அதையும் சொல்லுங்கள், வெட்டு முடிந்து பத்து மணிக்கு மேல் வந்து சொல்லித் தருகிறேன்.