நுங்கம்பாக்கத்துப் பழைய பதிவேடுகள்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளோடு சேர்ந்து நுங்கம்பாக்கம் நிலையத்தின் பழைய வெப்பநிலைப் பதிவுகளை எக்செல்லில் ஏற்றி, சென்னை எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று வரைபடம் போடப் போவதாக எழுதியிருந்தாய். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். ஓர் எண் பதிவேட்டில் ஏறிய அன்று வெப்பமானி எங்கே இருந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எந்த அலகில் எழுதினார்கள் என்று தெரியாமல் கோடு போட்டால், அந்தக் கோடு ஊரின் வெப்பத்தைச் சொல்கிறதா, கருவி மாறிய கதையைச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. 1796 முதல் அங்கே வானியலாளராக இருந்த கோல்டிங்ஹாம் வானிலைக் குறிப்புகளும் எழுதி வைத்தார். இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875இல்தான். 1899இல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனபோதும் வானிலை அளவீடு சென்னையில் நிற்கவில்லை. கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை மைய வளாகத்தில் அந்த வானாய்வகத்தின் பழைய கருங்கல் தூண் இன்னும் இருக்கிறது. அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப் போ.

இவ்வளவு நீண்ட பதிவு என்பதாலேயே நடுவில் மாறியவையும் அதிகம். முதலில் வெப்பமானிக்குக் கிடைத்த நிழல். 19ஆம் நூற்றாண்டில் இந்திய நிலையங்களில் பக்கங்கள் திறந்த கூரைக் கொட்டகைக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். ஸ்டீவன்சன் பெட்டி பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். பெட்டி என்றால் வெள்ளையடித்த, இரட்டைச் சட்டப் பலகைகள் சாய்வாகப் பதித்த மரக்கூண்டு. வெயில் உள்ளே விழாதபடி கதவு வடக்கு பார்த்திருக்கும். வெப்பமானிகள் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். கொட்டகைக்குள் சுற்றுத் தரையின் அனல் நேராக வந்து சேரும். பெட்டியில் அது குறைவு. அதனால் நிழல் மாறிய வருடத்தில் வெப்பநிலை கொஞ்சம் இறங்கியதுபோலத் தெரிந்தால் ஊர் குளிர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதே. பெயிண்ட் மங்கினாலும் இதே தொல்லைதான், பகல் உச்சம் மெல்ல மெல்ல ஏறும்.

அடுத்தது நேரம். இப்போது காலை 8.30, மாலை 5.30 என்பவை முக்கிய வேளைகள். 1906இல் இந்திய நேரம் வரும்வரை சென்னை நேரம் தனி, இன்றைய கடிகாரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால். அந்த 9 நிமிடம் பெரிதல்ல. ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும் உச்ச வெப்பமானியை எந்த வேளையில் உதறி மீண்டும் அமைத்தார்கள் என்பதுதான் பெரிது. மாலையில் 36 டிகிரி இருக்கும்போது அமைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வை. மறுநாள் மழை மூடி 29 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. வெப்பமானி முந்தைய மாலையின் 36ஐத்தான் காட்டும். ஒரே வெப்பம் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிடும். காலையில் மட்டும் படித்த பதிவில் வேறொரு சிக்கல். 8.30க்குப் பார்த்த உச்சம் நேற்றைய பகலுடையது, ஆனால் இன்றைய தேதிக்கு நேரே எழுதியிருப்பார்கள். பிற்பகல் 2.30 மணிக்கு எடுத்த சாதாரண அளவு இருந்தால் அதோடு வைத்துப் பார். அன்றைய உச்சம் அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. பல நாள் அப்படிக் குறைந்து, ஒரு நாள் நகர்த்தினால் எல்லாம் பொருந்தினால், தேதிதான் தள்ளியிருக்கிறது.

அலகைப் பற்றி நீ கேட்டது நல்ல கேள்வி. 1956 மெட்ரிக் சட்டத்துக்கு முந்தைய ஏடுகள் பாரன்ஹீட்டில் இருக்கும். வானிலைத் துறையின் புனே தரவு மையத்திலிருந்து வாங்கும் கோப்பில் எல்லாம் செல்சியஸாக மாற்றியே வரும். ஆனாலும் தடம் தெரியும். முழு டிகிரி பாரன்ஹீட்டில் படித்ததை மாற்றினால் 86 என்பது 30.0, 87 என்பது 30.6, 88 என்பது 31.1, 89 என்பது 31.7 என்று போகும். இப்படி மாற்றிய எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் 5 வரவே வராது. ஆகவே மாதக்கணக்கில் .5 ஒன்றுகூட இல்லையென்றால், அக்காலத்தில் முழு டிகிரிக்கு மேல் நுணுக்கமாகப் படிக்கவில்லை என்று பொருள். அதற்கு எதிர்மாறாக .0, .5 மட்டும் கொட்டிக் கிடந்தால், செல்சியஸ் வெப்பமானியை அரை டிகிரிக்குக் கண்மதிப்பாகப் படித்திருக்கிறார்கள். கடைசி இலக்கம் எது எத்தனை முறை வருகிறது என்று பத்து பத்து வருடமாக எண்ணச் சொல். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள், உனக்கும் பழைய ஏட்டின் தரம் ஒரு பார்வையில் பிடிபடும்.

கருவிகளின் கோளாறுகளையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடு. உச்ச வெப்பமானியில் குமிழுக்குப் பக்கத்தில் குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும். ஏறிய பாதரசம் அதைத் தாண்டித் திரும்பாது. அந்த இடுக்கு தேய்ந்துபோனால் மாலையில் குளிரக் குளிரப் பாதரசமும் பின்வாங்கிவிடும். அடையாளம் என்ன? 5.30 மணி உச்சமும் அதே வேளையின் சாதாரண வெப்பமானி அளவும் நாள்தோறும் ஒன்றாகவே வரும். குறைந்தபட்ச வெப்பமானி ஆல்கஹால், அதற்குள் சிறு கண்ணாடிக் குறிமுள் மிதக்கும். குமிழுக்கு எதிர்ப்பக்க முனையைப் படிக்க வேண்டும், இந்தப் பக்க முனையைப் படித்தால் எண் தவறு. வெயிலில் ஆல்கஹால் ஆவியாகிக் குழாயின் மேல்முனையில் துளியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு டிகிரி நீளத்துக்கு ஒட்டினால் எல்லா இரவும் ஒரு டிகிரி குளிராகத் தெரியும். இது ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் இறங்கிப் பிறகு ஒரு நாள் சட்டென்று ஏறும். யாரோ கவனித்துக் குமிழ் கீழே இருக்கும்படி வீசி, துளியைச் சேர்த்துவிட்டு, நேராக நிறுத்தி வைத்த நாள் அது. குறிப்புப் பத்தியில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், எண்களை மட்டும் தட்டச்சு செய்து குறிப்புகளை விட்டுவிடாதே. எனக்கு அந்தப் பத்திதான் பதிவேட்டின் உயிர்.

தட்டச்சு முறை இப்படி இருக்கட்டும். பக்கத்தைத் தட்டையாக வைத்துப் படம் எடுங்கள். ஏட்டில் உள்ளபடியே, உள்ள அலகிலேயே ஒரு பத்தி. மாற்றிய மதிப்பு இன்னொரு பத்தி, கணக்கு முடியும்வரை இரண்டு தசமம் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகக் குறி ஒரு பத்தி, குறிப்பு ஒரு பத்தி. இரண்டு பேர் தனித்தனியாக அடித்து ஒப்பிட வேண்டும். பழைய கையெழுத்தில் 1ம் 7ம், 3ம் 8ம் ஏமாற்றும். பக்கத்தின் அடியில் மாதக் கூட்டுத்தொகை இருந்தால் அது வரப்பிரசாதம். உங்கள் கூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 5 அல்லது 10 என்றால் யாரோ ஒருவர் டிகிரிக் கோட்டை மாற்றிப் படித்திருக்கலாம். வித்தியாசம் தசமத்தை நீக்கிப் பார்க்கையில் 9ஆல் வகுபட்டால், 34.2ஐ 32.4 என்பதுபோல இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருப்பீர்கள். கணக்குப்பிள்ளைகளின் பழைய வித்தை இது, இங்கேயும் பலிக்கும். ஏட்டில் உள்ள எண்ணே தவறு என்று தோன்றினாலும் அதன் மேல் அடித்து எழுதாதீர்கள். குறி மட்டும் போடுங்கள்.

விநோதமான எண்ணெல்லாம் தவறும் இல்லை. சென்னையில் உச்ச வெப்பத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடல்காற்று வரும் மணி. பதினொரு மணிக்கே வந்துவிட்டால் 36, 37ல் நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் காற்று அதைத் தடுத்துப் பிற்பகல் வரை வரவிடாவிட்டால் 42ஐத் தாண்டவும் கூடும். நுங்கம்பாக்கத்தில் 45.0 டிகிரி பதிவானது 2003 மே 31. கத்திரி முடிந்த பிறகு! அக்னி நட்சத்திரத்தோடு வெயில் தணியும் என்று நாம் நம்புவதைப் பிள்ளைகள் இந்தப் பதிவிலேயே சோதித்துப் பார்க்கலாம், எத்தனை வருடம் உச்சநாள் கத்திரிக்குள் விழுந்தது, எத்தனை வருடம் வெளியே என்று. அதேபோல மே மாதத்தில் ஒரே நாளில் பத்து டிகிரி இறங்கினால் உடனே சந்தேகப்படாதே. மழை, மேகம், காற்றுத் திசைப் பத்திகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் போக்கு, அதாவது வருடவாரியாக வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. உச்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தனித்தனியே பார், சராசரியாகக் கலக்காதே. நகரக் கட்டடங்கள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடுவதால் ஊர் வளர்ந்த தடம் குறைந்தபட்சத்தில்தான் முதலில் தெரியும். ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தால், அல்லது தொடர்ந்து 5 நாள் இல்லாவிட்டால், அந்த மாதச் சராசரியே வேண்டாம். பிறகு விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்தின் எண்ணிலிருந்து நுங்கம்பாக்கத்தின் எண்ணைக் கழித்து அந்த வித்தியாசத்தை மட்டும் வருடவாரியாக வரை. இரண்டு ஊருக்கும் பொதுவான வெயில் அதில் அடிபட்டுப் போகும். மிச்சமிருக்கும் கோடு படிக்கட்டுபோல ஒரு வருடத்தில் ஏறியோ இறங்கியோ நின்றால், ஏதோ ஒரு நிலையத்தில் கருவியோ இடமோ மாறியிருக்கிறது. நிலைய வரலாற்றில் அந்த மாற்றம் எழுதியிருந்தால் மட்டும் திருத்தம் போடு, அதையும் தனிப் பத்தியில். இரண்டுமே நகருக்குள் இருப்பதால் நகர வெப்பம் இதில் தெரியாது. அதற்குக் கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர நிலையம் ஒன்றையும் சேர்த்துக்கொள்.

சமீப வருடங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாதரசத்தைக் கைவிடச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது, வெப்பநிலையைத் தானே அளந்து பதியும் மின்னணு உணரிகள் பெருகி வருகின்றன. உணரி பாதரசத்தைவிட வேகமாக உணர்வதால் சில நொடி அனல்காற்றையும் பிடித்துவிடும். ஒரு நிமிடச் சராசரி எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். பழைய கருவியையும் புதியதையும் குறைந்தது ஒரு வருடம் பக்கத்தில் வைத்து அளந்தார்களா என்று மையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள். இதைக் கேட்காமல் இரண்டையும் ஒட்டவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

ஒரே ஒரு மே மாதத்தை முதலில் அடித்து, அடிக்கூட்டோடு ஒத்துப் பார்த்து, ஏட்டுப் பக்கத்தின் படத்தோடு அனுப்பு. குறிப்புப் பத்தியில் உள்ள சுருக்கெழுத்துகளை அதை வைத்தே விளக்கி எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சாரதா