இரண்டாவது கையெழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சியின் தலைவருக்கு நாற்காலி மறுப்பு, கொடியேற்றத் தடை என்று செய்தி வந்தால் அரசு அசைகிறது. 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஆட்சியரே முன்னின்று தலைவரைக் கொடியேற்ற வைத்தார். 2022இல் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் இதுபற்றிக் கடிதம் எழுதினார். நல்லதுதான். ஆனால் எந்தக் கேமராவிலும் சிக்காத தடை ஒன்று ஊராட்சியின் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அந்தப் பதவிக்குச் சுழற்சி இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு இடஒதுக்கீடு கிடையாது. மதுரை மாவட்டத்தின் தனி ஊராட்சிகளான பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள், ஆதிக்க சாதியினர் தேர்தலை நடக்கவிடாமலும் வென்றவரை உடனே விலகவைத்தும் தடுத்தார்கள். இன்று அவ்வளவு சிரமம் தேவையில்லை. தேர்தல் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, பெரும்பான்மை வார்டுகளைப் பிடித்துத் துணைத் தலைவர் பதவியைக் கைப்பற்றினால் போதும்.

பிறகு நடப்பது இதுதான். குடிநீர் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடுகிறது. தலைவர் கடன் சொல்லி ரீவைண்டிங் செய்து தண்ணீர் விடுகிறார். பில், வவுச்சர், மன்றத் தீர்மானம் எல்லாம் சரியாக இருக்கும். துணைத் தலைவர் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். மறுத்ததாக எழுத்தில் ஒன்றும் இராது, சூட்சுமமே அதில்தான். மெக்கானிக் அடுத்த முறை வரமாட்டார். டேங்க் ஆபரேட்டர் சம்பளம் நிற்கும். காலிக் குடத்தோடு நிற்பவர்கள் ஏசுவது தலைவரைத்தான். அந்தக் கெட்ட பெயரையே காரணமாக்கி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்கீழ் பதவி நீக்க மனுவும் கொடுத்துவிடலாம்.

ஆட்சியர் தலையிட்டாலும், இருவரின் கையெழுத்து அதிகாரத்தையும் நிறுத்தி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பதே பல இடங்களில் தீர்வாகிறது. முட்டுக்கட்டை போட்டவர் நினைத்தது அதைத்தானே! பறிக்க வேண்டியது துணைத் தலைவரின் அதிகாரத்தை மட்டுமே. மன்றத் தீர்மானம் உள்ள பில்லுக்கு 7 நாளில் ஒப்பமிட வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஒரு பில்லுக்கு இரண்டாவது கையெழுத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் போடலாம் என்று விதி வேண்டும்.

அதுவரை, தலைவர்கள் ஒவ்வொரு பில்லையும் தேதியிட்ட கடிதத்துடன் பதிவுத் தபாலில் துணைத் தலைவருக்கு அனுப்பி, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. முதல் பில் தேங்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். ஆறு மாதம் பொறுத்துவிட்டுப் போனால், கோப்பில் தலைவரின் நிர்வாகக் குறைபாடு என்றுதான் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊரக வளர்ச்சித் துறை ஊழியர்