சிறு டிராக்டர் செய்வோருக்கும் விற்போருக்கும்: முதலில் எடையைச் சொல்லுங்கள்

சிறு டிராக்டர்களை வடிவமைப்பவர்களுக்கும், செய்பவர்களுக்கும், ஷோரூமில் நின்று விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

என்னிடம் இருப்பது நான்கு ஏக்கர். கொஞ்சம் மரம், கொஞ்சம் புல், நடுவில் உழுகிற துண்டு நிலம், மழை பெய்தால் கரைந்து போகும் ஒரு சரிவுப் பாதை. இதற்கு எந்த டிராக்டர் பொருந்தும் என்று இரண்டு முறை தேடியிருக்கிறேன். முதல் முறை உங்கள் விளம்பரத் தாளை நம்பித் தேடினேன், இரண்டாம் முறை நம்பாமல் தேடினேன். இரண்டாவதாக வாங்கிய வண்டி இன்றும் ஓடுகிறது. முதல் வண்டியைப் பற்றித்தான் இந்த மடல்.

விற்றவர் பெயர் இங்கே வேண்டாம், கெட்ட மனிதர் அல்ல. “எத்தனை ஏக்கர் சார்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ 25 ஹெச்.பி. தாராளம். முன்னால் லோடரும் சேர்த்தே வருது” என்றார். நிலம் சரிவா சமமா, எதைச் சுமக்கப் போகிறேன், கொட்டகை வாசல் எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் அவை என்று எனக்கும் தெரியவில்லை. லோடர், அதாவது முன்னால் வாளி மாட்டித் தூக்கும் கைகள், 350 கிலோ தூக்கும் என்று தாளில் போட்டிருந்தது. அது போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் பெருமழை முடிந்து, பாதையின் மேல்முனையில் சரிந்து கிடந்த ஈர மண்ணை வாளி நிறைய அள்ளிக்கொண்டு இறங்கினேன். அந்த வாளி 0.15 கன மீட்டர் கொள்ளும். ஈர மண் என்றால் சுமார் 270 கிலோ. 350-க்குள்தானே இருக்கிறது என்ற தைரியம். பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. வாளியைத் தரையில் இறக்கி அழுத்தியதால் பிழைத்தேன். அந்த யோசனையும் பயத்தில் கை தானாகச் செய்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. 350 கிலோ என்பது லோடர் கைகளின் நுனியில், வாளி மாட்டும் பின்னில் அளந்த கணக்கு. வாளியின் சொந்த எடையே ஐம்பது அறுபது கிலோ இருக்கும். அது கழிய வேண்டும். மண் கிடப்பதோ பின்னில் அல்ல, அதற்கு அரை மீட்டர் முன்னால். அங்கே தூக்கும் திறன் இன்னும் இறங்கிவிடும். இதெல்லாம் ஹைட்ராலிக் தாங்குமா என்ற கேள்விதான். வண்டி தாங்குமா என்பது வேறு கேள்வி. முன்னால் சுமை ஏற ஏற, முன் அச்சைத் தாங்குமுனையாக வைத்துப் பின்பக்கம் இலேசாகிறது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் இருப்பது பின்சக்கரத்தில் மட்டும். இலேசான சக்கரத்தில் என்ன பிரேக் பிடித்து என்ன பயன்? நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் பின்சக்கர பிரேக்கின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் அதைச் சேற்றில் மாட்டினால் போடுவதற்கான லீவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரிவில் இறங்கும்போது அதுதான் முன்சக்கர பிரேக் என்று வண்டியைக் கொடுத்தபோது ஒருவர்கூடச் சொல்லவில்லை.

முதல் வண்டியின் எடை, லோடர் நீங்கலாக, சுமார் 650 கிலோ. தாளின் கடைசிப் பக்கத்தில், டீசல் டேங்கின் கொள்ளளவுக்கும் கீழே, பொடி எழுத்தில் அது இருந்தது. ‘25’ மட்டும் முதல் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. என் புகார் முழுவதும் இந்த இரண்டு எண்களும் இருந்த இடத்தைப் பற்றியதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உழுத மண்ணில் ஒரு டிராக்டர் தன் எடையில் ஏறக்குறைய பாதி விசையோடுதான் இழுக்க முடியும். அதற்கு மேல் சக்கரம் வழுக்கும். 650 கிலோ வண்டிக்கு அது 325 கிலோ விசை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசையோடு இழுக்கத் தேவைப்படுவது வெறும் 6 குதிரைத்திறன். கியரிலும் வழுக்கலிலும் போகிறதைச் சேர்த்து எட்டு ஒன்பது என்றே வையுங்கள். மிச்சத்தை வைத்துக்கொண்டு கலப்பையை என்ன செய்வது? சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் ரொட்டேவேட்டருக்கும் புல்வெட்டிக்கும் பி.டி.ஓ. வழியாக, அதாவது இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு வழியாக, அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் “25 ஹெச்.பி., எல்லா வேலையும் இழுக்கும்” என்று சொல்லி விற்றீர்களே, இழுக்கிற வேலைக்கு அந்த எண் கிட்டத்தட்டப் பேசவே இல்லை.

எடை எதற்கு, அதை ஈடுகட்டத்தானே கருவியைப் பின்னால் மூன்று இடத்தில் மாட்டும் மூன்று முனை இணைப்பு வந்தது என்று உங்கள் இன்ஜினியர் ஒருவர் சொல்லக்கூடும். பாதி சரி. ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்த அந்த இணைப்பு, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பெரிய அளவில் சந்தைக்கு வந்தபோது, சிறிய வண்டி பெரிய வண்டியைப்போல் உழுததற்குக் காரணம் இருந்தது. மண்ணுக்குள் போன கலப்பை கொடுக்கிற இழுப்பையே பின்சக்கரத்தின் மேல் பாரமாக மாற்றுகிற வடிவம் அது. கலப்பை கல்லில் மாட்டினால் வண்டி முன்னந்தூக்கிக் கவிழும் அபாயத்தையும் அது குறைத்தது. அந்த மூளைக்கு என் வணக்கம். ஆனால் இந்தப் பாரமாற்றம் நடப்பது மண்ணுக்குள் இறங்கி இழுபடும் கருவிக்கு மட்டுமே. ரொட்டேவேட்டர் இழுபடுவதில்லை, அதன் கத்திகள் வண்டியை முன்னால் தள்ளவே செய்யும். புல்வெட்டிக்கு இது பொருந்தாது. முன்னால் தொங்கும் லோடர் வாளிக்கோ எல்லாம் தலைகீழ். நான்கு ஏக்கர்க்காரன் வருடத்தில் உழுவது சில நாள். மிச்ச நாளெல்லாம் மண், கல், சருகு, கட்டை என்று தூக்கிச் சுமப்பதுதான் வேலை.

எடை கூடினால் எல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஈரப் புல்தரையில் கனத்த வண்டியை விட்டால் தடம் ஒரு பருவம் முழுக்க அழியாது, மண்ணும் இறுகிப்போகும். புல் வெட்டுவது மட்டுமே வேலை என்றால் அந்த 650 கிலோ வண்டி தங்கமான வண்டி. அதைத்தான் கேட்கிறேன்: எண்ணைச் சொல்லுங்கள், எங்கள் வேலைக்கு ஏற்ப நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தேவைப்பட்ட இடத்தில் எடை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம், சக்கரத்தில் இரும்பு வட்டு மாட்டலாம், பின் இணைப்பில் கல் நிரப்பிய பெட்டி தொங்கவிடலாம். லோடர் வேலைக்கு இந்த மூன்றில் பெட்டிதான் சிறந்தது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன் அச்சின் பளுவையே குறைக்கிறது. லோடரை விற்கும் நாளிலேயே “பின்பாரம் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்” என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

குதிரைத்திறனுக்கே திரும்பி வருகிறேன். எந்தக் குதிரைத்திறன்? இன்ஜினில் அளந்ததா, பி.டி.ஓ. தண்டில் அளந்ததா? இரண்டுக்கும் நடுவே ஒரு பங்கு கியரிலும் பம்பிலும் கரைந்துவிடுகிறது. கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் அந்தக் கரைவு இன்னும் கூடுதல். புல்வெட்டிக்கு ஓரடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்று பழக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. அது பி.டி.ஓ. திறனை வைத்துச் சொல்வது. இன்ஜின் எண்ணை நம்பி ஐந்தடிப் புல்வெட்டி வாங்கியவர்கள், முழங்காலளவு புல்லில் இன்ஜின் திணறுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் இருந்திருக்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் தொழில் இதைவிட நேர்மையாக இருந்தது என்றால் கோபப்படாதீர்கள். அப்போது பல டிராக்டர்களின் பெயரிலேயே இரண்டு எண் இருக்கும். ‘வாட்டர்லூ பாய் 12-25’ என்றால் கொக்கியில் இழுக்க 12, பட்டை போட்டு எந்திரம் ஓட்ட 25. அதே காலத்தில் சொன்னபடி வேலை செய்யாத வண்டிகளும் ஏராளம். அப்படி ஏமாந்த ஒரு விவசாயி, வில்மட் கிரோசியர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அவர் முயற்சியில் 1919-இல் ஒரு சட்டம் வந்தது: அந்த மாநிலத்தில் டிராக்டர் விற்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் சோதித்து, சொன்ன எண் உண்மை என்று காட்ட வேண்டும். 1920-இல் அங்கே முதல் சோதனையை முடித்த வண்டி அந்த வாட்டர்லூ பாய்தான். இன்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவது 100 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளைத்தான். ஒரு விவசாயி ஏமாந்ததால் பிறந்த சோதனை, சின்ன நிலத்துக்காரன் வாங்கும் வண்டியைத் தொடாமல் போய்விட்டது. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் நீங்களே முன்வந்து சொல்லலாம் அல்லவா?

இன்னொரு ரகசியமும் எங்களுக்குத் தெரியும். ஒரே அடிச்சட்டம், ஒரே அச்சு, ஒரே டயர், ஒரே எடை. இன்ஜினின் திறனை மட்டும் கூட்டிக் குறைத்து மூன்று மாடலாக, மூன்று விலைக்கு விற்கிறீர்கள். லோடர் வேலைக்கு வாங்குபவனுக்கு அந்த மூன்றும் ஒரே வண்டி. அதேபோல 24-ஐ ஒட்டிய குதிரைத்திறனில் ஏன் இத்தனை மாடல்கள் குவிந்திருக்கின்றன என்பதும் தெரியும். அமெரிக்காவில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத்திறனைத் தொட்டால் டீசல் புகைக்கான விதி கடுமையாகிறது, பெரும்பாலும் துகள் வடிகட்டி வைக்க வேண்டிவருகிறது. வடிகட்டி வைப்பது நல்லதுதான், என் நுரையீரலும் அதைத்தான் சொல்லும். ஆனால் அது தன்னில் படியும் கரியை எரித்துக்கொள்ள இன்ஜின் சூடேறி ஓட வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் ஓட்டுகிற தோட்டக்காரனுக்கு அது ஒத்துவராது. வாங்குமுன் இதைச் சொன்னால் நாங்கள் ஓட்டும் விதத்தை மாற்றிக்கொள்வோம், அல்லது ஒரு படி குறைந்த வண்டியை எடுப்போம்.

கியரா ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. லோடரோடு முன்னும் பின்னும் போய்வருபவருக்கு மிதிகட்டையில் வேகம் மாறுவது வரம். நாள் முழுக்க உழுபவருக்கு கியர் போதும். டயரிலும் அப்படித்தான். உழவுப் பட்டன் டயர் சேற்றில் பிடிக்கும், புல்லைக் கிழிக்கும். புல்தரை டயர் புல்லைக் காக்கும், சேற்றில் கைவிடும். பக்கச்சுவர் தடித்த இண்டஸ்ட்ரியல் டயர் லோடர் பளுவைத் தாங்கும், மற்ற இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும். ஷோரூமில் நிற்கிற வண்டியில் எது மாட்டியிருக்கிறதோ அதுவே நல்லது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்க நிற்கும் இரும்புச் சட்டகம், பற்றி மட்டும் விளையாட்டு வேண்டாம். ஸ்வீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். கவிழ்ந்து நசுங்கிச் சாவது அங்கே எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மடக்கும் சட்டத்தைக் காட்டி “மரத்தடியில் போகணும்னா இப்படி மடக்கிக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட வேண்டும், மடக்கியிருக்கும்போது போடக்கூடாது, மரத்தடியைத் தாண்டியதும் மறுபடி நிமிர்த்த வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பெல்ட் இல்லாமல் நிமிர்ந்த சட்டம் இருந்தால், கவிழும்போது ஆளை வெளியே எறிந்து அந்தச் சட்டமே மேலே விழக்கூடும். என் கொட்டகை வாசல் தாழ்ந்தது. முதல் வண்டியின் சட்டம் பாதி நாள் மடங்கியே கிடந்தது. வாசலின் உயரத்தை யாராவது கேட்டிருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு ஒட்டுத்தாள். வண்டியின் மட்கார்டில், விலைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் முதல் வரி எடை: லோடர் இல்லாமல், தண்ணீர் நிரப்பாமல், ஆள் ஏறாமல். அடுத்து பி.டி.ஓ. தண்டில் அளந்த திறன். லோடர் எவ்வளவு தூக்கும் என்பதைப் பின்னில் அல்ல, வாளி மாட்டிய பிறகு, வாளியின் நடுவில், முழு உயரத்தில் சொல்லுங்கள். பின் லிப்டுக்கும் அப்படியே. இணைப்புக் கைகளின் உருண்டை முனையில் அளந்த பெரிய எண் எங்களுக்கு வேண்டாம், அதற்கு 61 சென்டிமீட்டர் பின்னால் அளந்த சிறிய எண் வேண்டும், கருவியின் பாரம் அங்கேதான் தொங்குகிறது. டயர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு எத்தனை அகலம் என்று போடுங்கள், தடத்தை மறைக்காத ரொட்டேவேட்டரை வாங்கி நாங்கள் முழிக்காமல் இருக்க. சட்டம் நிமிர்ந்தும் மடங்கியும் இருக்கும்போது உயரம். இவ்வளவுதான். உங்கள் அலுவலகக் கணினியில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

என் இரண்டாவது வண்டியின் குதிரைத்திறன் முதல் வண்டியைவிட ஒன்று குறைவு. எடை 450 கிலோ அதிகம். அதே பாதையில், அதே மண்ணை, பாதி வாளிக்குச் சற்று மேல் அள்ளிக்கொண்டு, பின்னால் கல்பெட்டி தொங்க, நான்கு சக்கரமும் இயங்க இறங்குகிறேன். வாளி முழங்காலுக்கு மேல் எழும்புவதில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் அடுத்த மாதம் வண்டி பார்க்க வருகிறார், நானும் கூட வருகிறேன். கையில் அளவு டேப் இருக்கும். இழுவை வண்டியில் ஈர மண் ஒரு டன் இருக்கும். டெமோ வண்டியை ஷோரூமுக்கு வெளியே, சரிவுள்ள பக்கமாக நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
முதல் வண்டியைப் பாதி விலைக்கு விற்ற ஒரு நான்கு ஏக்கர்க்காரன்