உபயமும் வடமும் எல்லாருக்கும் உரியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில்கள் திறந்தாயிற்று, இன்னும் என்ன சாதிப் பேச்சு என்று கேட்கிறார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்தார்கள். இன்று திருவிழாச் செலவை ஏற்று நடத்தும் உபயப் பட்டியலிலும் பரிபாலன சபை உறுப்புரிமையிலும் மடப்பள்ளியிலும் மறிக்கிறார்கள். எல்லாரும் வடம் பிடித்துவிடக்கூடாதென்று யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்ததாக 2018 இல் செய்தி வந்தது.

இதைக் கண்டு சமயமே வேண்டாம் என்று விலகும் இளையோரின் கோபம் நியாயமானது. ஆனால் மறிக்கிறவர்களுக்குச் சமயம் சொந்தமில்லை. திருநாளைப்போவாரான நந்தனார் தீயில் இறங்கியதையே மேடைகளில் சொல்கிறோம். கேட்பவருக்கு, தூய்மைப்பட வேண்டியவர் ஒடுக்கப்பட்டவரே என்று படுகிறது. அதே பெரியபுராணத்தில் திருநீலநக்கர் வீட்டில் நடந்ததைச் சொல்வோர் குறைவு. பாணர் குலத்தவரான திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் கேட்க, அந்த அந்தணர் திண்ணையைக் காட்டவில்லை. நடுவீட்டில் வேள்வித்தீ இருந்த வேதிகையின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ வலஞ்சுழித்து முன்னையிலும் ஓங்கி எரிந்தது. தீட்டென்று ஒன்று இருந்திருந்தால் அன்று அது அவிந்திருக்க வேண்டும். சம்பந்தர், நீலநக்கர், யாழ்ப்பாணர் மூவருக்கும் குருபூசை வைகாசி மூலத்திலேயே வருகிறது. அன்றைக்குப் பூசையில் ஓதும் ஐந்து திருமுறைப் பாடல்களான பஞ்சபுராணத்தில் இந்தப் பாடல்களைப் பாடுங்கள், பாடும் வாய்ப்பையும் கேட்டு வாங்குங்கள்.

ஆகமம் இடம் தராது என்பார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் அந்தணரல்லாத பூசகரான கப்பூகர் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரம் ஓதாமலே பூசை செய்கிறார், முருகன் அதை ஏற்கிறான்.

உபயம் கேட்பவர்கள் வாயால் கேட்டு, வாயாலேயே மறுப்பை வாங்கி வருகிறார்கள். பிறகு முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை. கொடியேற்றத்துக்கு மூன்று நான்கு மாதம் முந்தியே, எந்தத் திருவிழா, எந்தச் செலவுகளைப் பொறுப்பேற்கிறோம் என்று எழுதிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். 'எல்லாம் பரம்பரை உபயம், அன்னதானத்துக்கு அரிசி தாருங்கள்' என்று சமாதானம் சொல்வார்கள். அரிசி மூட்டையை வாங்குவார்கள், கிடாரத்துக்குக் கிட்ட விடமாட்டார்கள். ஆகவே மரக்கறி வெட்டவும் சோறு வடிக்கவும் பந்தியில் பரிமாறவும் உங்கள் ஆட்களுக்கு இடம் உண்டா என்று முதலே கேளுங்கள். இல்லையென்றால் அரிசியும் வேண்டாம்.

கோயிலுக்குள் செல்வதையோ வழிபடுவதையோ தடுத்தால் பொலிஸ் முறைப்பாட்டில் 'சாதி காரணமாக' என்ற சொற்கள் உள்ளனவா என்று வாசித்த பிறகே ஒப்பமிடுங்கள். அவை விடுபட்டால் விடயம் நிருவாகத் தகராறாகப் பதியப்பட்டு இரு தரப்பையும் சமாதானமாகப் போகச் சொல்வதோடு முடிந்துவிடும். இலங்கையின் 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தடையைக் குற்றமாக்கியது. சாதியின் பேரால் ஒருவரைத் தன் மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குச் செல்லவிடாமல் தடுக்கக்கூடாதென்று அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

பரிபாலன சபையினரே, இந்த வருட உபயப் பட்டியலையும் உறுப்பினராகச் சேரும் நிபந்தனைகளையும் கொடியேற்றத்துக்கு முன் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

சைவ அடியார்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.