திருகோணமலையிலிருந்து ஹயகாவா ஐயாவுக்கு

மதிப்புக்குரிய செசூ ஹயகாவா ஐயா,

ஹொலிவூட்டின் ஊமைப்பட காலத்திலேயே பெயர் எடுத்த ஜப்பானிய நடிகர் நீங்கள். 1973 நவம்பரில் டோக்கியோவில் கண்மூடிய உங்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேரப் போவதில்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியது என் அம்மம்மாவைப் பற்றியது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை. அம்மம்மாவுக்குப் பதினொரு வயது. நாலு நாளுக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு போட்ட அதே ஜப்பான் விமானங்கள் அன்று எங்கள் துறைமுகத்துக்கு வந்தன. பழஞ்சோறு பிசைந்துகொண்டிருந்த கையோடு ஓடினாராம். ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் விழுந்தது, ஏழு நாள் எரிந்தது என்பது ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் தம்பலகாமம் போனார்கள். அதற்குப் பிறகு அம்மம்மாவுக்கு ஜப்பான் என்றாலே ஆகாது. அப்பா ஜப்பான் ரேடியோ வாங்கி வந்தபோது இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை.

அந்த விமானங்களை ஏற்றி வந்த கப்பற்படையை நடத்தி வந்தவர் நகுமோ. 1887இல் பிறந்தவர். நீங்கள் 1886. உங்களையும் கடற்படை அதிகாரியாக்க வேண்டும் என்பதுதானே வீட்டாரின் ஆசை? பந்தயம் கட்டி ஆழத்துக்கு முங்கினீர்கள், செவிப்பறை கிழிந்தது, கடற்படை வேண்டாம் என்றது. அப்பாவின் முகத்தில் விழிக்க முடியாமல் வயிற்றில் கத்தியால் குத்திக்கொண்டதையும், நாய் குரைத்ததில் உயிர் தப்பியதையும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். (உங்கள் கதைகளில் உப்புப் புளி கொஞ்சம் தூக்கல் என்பதும் தெரியும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படித்த கதையை ஆராய்ச்சிக்காரர்கள் அவ்வளவாக நம்புவதில்லை.) சங்கு குளிக்கப் போன எங்கள் சின்ன மாமாவுக்கும் ஒரு காது அப்படித்தான் போனது. கூப்பிட்டால் தலையைச் சரித்துப் பார்ப்பார். உங்கள் படங்களில் நீங்கள் தலை திருப்பும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். அந்தக் காது கிழியாமல் இருந்திருந்தால், 42இல் நீங்கள் எங்கே நின்றிருப்பீர்களோ!

'தி சீட்' படத்தை முதன்முதலில் கைபேசியில்தான் பார்த்தேன். 1915இல் வந்தது, இயக்கியவர் செசில் பி. டிமில். பணம் கொடுத்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மடக்கி, அவள் தோளில் சூட்டுக்கோலால் முத்திரை குத்தும் தந்த வியாபாரி நீங்கள். கேவலமான பாத்திரம். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. மற்ற எல்லாரும் கையை வீசுகிறார்கள், நெஞ்சைப் பிடிக்கிறார்கள், கூந்தலைப் பிய்க்கிறார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பழக்கப்பட்ட நடிப்புத்தான். நீங்களோ சும்மா நிற்கிறீர்கள். புருவம்கூட அசையவில்லை. பேச்சில்லாத படத்தில் உடம்பையும் அடக்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது இதற்காகத்தான். அமெரிக்காவில் பெண்கள் உங்களுக்காக மயங்கினார்கள். ஆனால் வேற்றினக் கல்யாணத்தைப் பல மாநிலச் சட்டங்கள் தடுத்திருந்த நாடு அது. கதை முடியும்போது நீங்கள் சாக வேண்டும், இல்லையென்றால் விலகிப் போக வேண்டும்.

அங்கிருந்த ஜப்பானியர் அந்தப் படத்தைக் கண்டித்தார்கள். 1918இல் திரும்ப வெளியிட்டபோது காட்சிகளுக்கு இடையில் கதையும் வசனமும் காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றி உங்களைப் பர்மாக்காரர் ஆக்கிவிட்டார்கள். ஜப்பான் அப்போது போரில் நேச நாடு. பர்மாக்காரருக்காக யார் தட்டிக் கேட்கப் போகிறார்கள் என்ற கணக்கு! முகம் அதே முகம், ஊர் மட்டும் வேறு.

அதே ஆண்டு சொந்தமாக ஹாவர்த் என்ற படக் கம்பனி தொடங்கினீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த காலம். 'தி டிராகன் பெயின்டர்' படத்தில் உங்கள் மனைவி ட்சுரு அயோகியோடு நடித்தீர்கள். அதில் நீங்கள் வில்லன் இல்லை, ஓவியப் பித்துப் பிடித்தவர். ஆனால் சில ஆண்டுகளிலேயே ஹொலிவூட்டை விட்டுப் போக வேண்டி வந்தது. அப்புறம் பேசும் படம் வந்தது, பிரான்ஸ் போனீர்கள், போரில் அங்கேயே மாட்டிக்கொண்டு நீர்வண்ண ஓவியம் விற்றுச் சாப்பிட்டீர்கள். படத்தில் பிடித்த தூரிகை கடைசியில் சோறு போட்டிருக்கிறது.

எழுபது வயதில் எங்கள் நாட்டுக்கே வந்தீர்கள். கித்துல்கலையில், களனி கங்கையின் மேல் மரப்பாலம் கட்டி எடுத்த 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்', 1957. அதில் நீங்கள் ஜப்பானியச் சிறைமுகாம் அதிகாரி கேணல் சைட்டோ. அதற்காக ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. அந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கதைக்கு அடியில் இருப்பது, போரின்போது ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதை. அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். படம் அவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. சரி, அது உங்கள் பிழை இல்லை.

டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில், ஒரு இரவு வீட்டில் அந்தக் கசெட் ஓடியது. உங்கள் முகம் தெரிந்ததுமே அம்மம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினார். ஆங்கிலேயக் கேணலின் பிடிவாதத்துக்கு முன் விட்டுக்கொடுத்த பிறகு, நீங்கள் தனியே அறையில் விம்மி அழும் காட்சி வருமே, அப்போது திரும்பிப் பார்த்தேன். ஈரக் கையோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஏன் அழுகிறான்?" என்று கேட்டார்.

"தோற்றுப்போனார், அம்மம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "கொஞ்சம் சத்தத்தைக் கூட்டு, ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து உங்கள் ரசிகன்